கிழக்குக் காற்றை நம்பிய லாரி

சாமி,

மார்கழி பிறந்ததும் கிழக்குக் காற்று கிளம்பிவிட்டது. இன்று காலை அது எங்கள் வாசல் கதவைப் பிடித்து அறைந்த அறையில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது. கதவுக்குக் கொக்கி வைக்கச் சொல்லி ஆடி மாதத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். யார் கேட்கிறார்கள்? மகனைத் திட்டினேன், மருமகளைத் திட்டினேன், கதவு செய்த ஆசாரியை அவர் இல்லாத இடத்தில் திட்டினேன். என் வீட்டுக்காரி உள்ளே போய் நம் பழைய லாரியின் பிஸ்டனைத் தூக்கிவந்து கதவடியில் அண்டக் கொடுத்தாள். வளைந்துபோன கனெக்டிங் ராடு இன்னும் அதோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும்தான் அவள் அதைத் தூக்குவாள்.

வைத்துவிட்டு நிமிர்ந்து, "சாமி இருந்திருந்தா இன்னேரம் உங்கள ஒரே சொல்லுல அடக்கியிருப்பாருங்க" என்றாள்.

குனிந்து பிஸ்டனை முகர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் வைப்பதுபோல அதற்கும் பொட்டு வைக்கிறாள். இவ்வளவு தேய்த்தும் அதன் காடிகளுக்குள் கருகிய எண்ணெய் வாசனை லேசாக இருக்கத்தான் செய்கிறது. நீ போன பிறகு வரும் முதல் மார்கழி இது.

அந்த வண்டியை நாம் முதன்முதலில் பார்த்த இடம் உனக்கு மறந்திருக்காது. எழுபதுகளின் தொடக்கம். உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத் தோட்டத்தில், பலா மரத்தடியில், சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துக் கிடந்தது. தோட்டத்துக் காவல்காரர் தெற்கத்திக்காரர். நம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மலையிலயே கெடந்த வண்டிதான்யா இது. ஏத்தத்தக் கண்டா மட்டும் மயக்கம் போட்டு விழுந்துரும்" என்றார். நீ வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாய். எஞ்சினுக்குள் கையை விட்டுத் துழாவினாய். வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நெஞ்சு தேஞ்சுடுத்து. எலும்பு நன்னா இருக்கு" என்றாய். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அதை வாங்காமல் நீ மலை இறங்கமாட்டாய் என்று.

வாங்கியது எளிதாக இருந்தது. உன் வீட்டில் சொல்வதுதான் பெரும்பாடு. கல்பாத்தியில் உங்கள் அக்கிரகாரத் தெருவில் பிறந்தவன் ஆபீசுக்குப் போவான், இல்லை பாட்டுக் கற்றுக்கொள்வான். லாரிக்கு அடியில் படுக்கமாட்டான். பம்பாயில் உன் அத்திம்பேர் தன் ஆபீசில் உனக்கொரு நாற்காலி பார்த்து வைத்திருந்தார். உன் அப்பா சத்தம் போடுகிற மனிதர் அல்ல. என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னார்: "தை பொறக்கறதுக்குள்ள உங்க லாரி பாரத்தோட மலை ஏறித்துன்னா நீ இங்கயே இரு. இல்லாட்டா பம்பாய். பின்னே நான் ஒண்ணும் பேசமாட்டேன்." நீ சரி என்றாய். ஐப்பசித் தேர் அப்போதுதான் நிலைக்கு வந்திருந்தது.

எனக்கு அதில் என்ன என்று பலர் கேட்டார்கள். நல்லேப்பிள்ளியில் வயல் இருக்கிறது, நெல் விளைகிறது, லாரி எதற்கு என்றார்கள். இப்போது சொல்கிறேன், அப்போது சொல்ல வெட்கமாக இருந்தது. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாதவன் நான். நம்மூர்ப் பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாள் முதல் என்னோடு சண்டை போட்டவன் நீ ஒருவன்தான். நீ பம்பாய் போய்விட்டால் எனக்குப் பேச ஆள் கிடையாது. லாரி மலை ஏறவேண்டும் என்று நான் துடித்ததெல்லாம் அதற்காகத்தான்.

எங்கள் களத்து ஓரக் கொட்டகையில் அதைப் பிரித்தோம். எஞ்சினைத் தூக்க நம்மிடம் என்ன இருந்தது? கிணற்றுக்கு மோட்டார் வைத்த பிறகு சும்மா கிடந்த கவலை உருளையை வேப்பமரக் கிளையில் கட்டி, நீர் இறைத்த அதே வடத்தில் எஞ்சினைப் பிணைத்து, காளைகளை முன்னால் ஓட்டினோம். அவை அடியெடுத்து நடக்க நடக்க எஞ்சின் மெல்ல மேலே வந்தது. இறக்கும்போது காளைகள் பின்னால் நடக்கவேண்டும். கிணற்றடியில் அப்படி நடந்து பழகிய மாடுகள்தானே, அழகாக இறக்கிக் கொடுத்தன. "கோயமுத்தூர் பட்டறையில் இதுபோல கிரேன் கெடையாது கேட்டயா" என்று அவற்றின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாய். வெள்ளைக் காளையின் கழுத்தில் உன் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. எங்கள் அம்மா அதைக் கழுவுவதற்குள் அலுத்துப்போனாள்.

பழையபடி ஓடவைத்தால் போதாது, முன்னைவிட வலு வேண்டும் என்பதுதான் நம் கணக்கு. வண்டி புதிதாக இருந்தபோதே ஏற்றத்தில் திணறியதாம். கோயம்புத்தூரில் சிலிண்டர்களை இன்னும் அகலமாகக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டோம். பழைய பிஸ்டன்களைக் கழற்றியபோது ஒன்றின் ராடு வளைந்திருந்தது. அதுதான் இப்போது என் கதவடியில் நிற்கிறது. ஹெட்டின் அடியை லேத்தில் கொஞ்சம் சீவினோம், உள்ளே காற்று இன்னும் இறுகட்டும் என்று. காற்று உள்ளே நுழையும் வழிகளை நீ அரத்தால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கினாய். வால்வுக்குத் தேய்ப்பு மருந்து தடவி, அது உட்காரும் இடத்தில் வைத்துத் திருகித் திருகித் தேய்த்த வெயிலில் நம் முகம் கறுத்தது. கல்பாத்திக்குப் போகும் வழியில் ஆற்றில் இறங்கி மணலைப் போட்டுக் கையைத் தேய்ப்பாய். நகக்கண் மட்டும் வெளுக்காது.

பம்பில்தான் நமக்குச் சண்டை. எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போகவேண்டும் என்பதை அந்தப் பம்பு தீர்மானிக்கும். கூட்டினால் வலு கூடும். வலுவோடு சூடும் கூடும். நான் நிறையக் கூட்டச் சொன்னேன்.

"இத்தனை மதிடா, போதும். இதுக்கு மேல வேண்டாம்" என்றாய்.

"பாரம் இழுக்கோணுமா வேண்டாமா? கஞ்சிய ஊத்திப்போட்டு மூட்ட தூக்கச் சொன்னா ஆவுமா?"

"பிரியாணி போட்டாலும் அவனுக்கு வயறு ஒண்ணுதானேடா."

கடைசியில் நான்தான் ஜெயித்தேன். கத்துகிறவன் ஜெயிப்பது வழக்கம்தானே.

மார்கழி வந்தது, காற்றும் வந்தது. நம் பக்கத்துக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரனுக்குச் சொன்னால் நம்பமாட்டான். பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி, மலைகளுக்கு இடையில் இருக்கும் ஒரே வாசல் வழியாக மொத்தமும் நம்மேல் வந்து விழும். சைக்கிளில் கிழக்கே போகிறவன் இறங்கித் தள்ளுவான். அந்தக் காற்றைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. எங்கள் நெல்லையே மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு கோபாலபுரத்துப் பக்கமாகக் கிழக்கே ஓட்டிப் பார்ப்போம், "நம்மூர்க் காத்த எதுத்து இழுத்துப்போட்டா மலை ஏறுனாப்பலதானே?" என்றேன். எதற்கும் எதிர்ப் பேச்சு வைத்திருக்கும் நீகூட அன்று, "அது சரியாக்கும். காத்தும் ஒரு ஏத்தம்தான்" என்றாய்.

வண்டி இழுத்தது, அடடா! காற்று முன் கண்ணாடியில் மோதி ஊளையிட, உள்ளே எஞ்சின் உறுமிக்கொண்டே போனது. கோபாலபுரத்தில் நிறுத்தி எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தோம். தண்ணீர்ப் பானையைத் தொட்டதுபோல இருந்தது. நீ அங்கேயே சாலையில் இரண்டு கையையும் தூக்கி ஆடினாய். பனை மரத்தடியில் கள் விற்றுக்கொண்டிருந்தவர் நம்மைத் தன் வாடிக்கைக்காரர் என்று நினைத்திருப்பார்.

மலைமேல் மறையூரில் ஒரு வீட்டுக்கு ஓடு கொண்டுபோய் இறக்கவேண்டும், திரும்பும்போது வெல்லம் ஏற்றிவரவேண்டும் என்று பேச்சு. ஓடுகளை ஏற்றிக்கொண்டு உடுமலைப்பேட்டை வழியாகக் கிளம்பினோம். சின்னாறு தாண்டும்வரை நான் பாடிக்கொண்டு ஓட்டினேன். அதற்கப்புறம் ஏற்றம். வலுவில் குறை சொல்லமுடியாது, வண்டி ஏறியது. ஆனால் சூடு காட்டும் முள் எழுந்து நின்றது, நீ அதைப் பார்த்து முன்னால் சாய்ந்தாய், அதற்குள் ரேடியேட்டர் ஆவியைக் கக்கிவிட்டது. கண்ணாடி முழுக்க வெள்ளை.

நான் குதித்து இறங்கினேன். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். ஓடைத் தண்ணீர் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"தொடாதே. இப்போ திறந்தா உன் மூஞ்சி வெந்துபோயிடும். பச்சை ஜலம் விட்டா எஞ்சின் பிளாக் வெடிச்சுடும். ஆறட்டும்."

"எப்ப ஆறறது? தை பொறக்கப் போவுது சாமி! பம்பாய்க்குப் போறவன் நீயி, எனக்கென்ன?"

"தை அதும்பாட்டுக்குப் பொறக்கட்டும். ஆறாத எதையும் நீ தொடப்படாது."

கையை உதறிக்கொண்டு போய்ச் சாலையோரம் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. உன்னிடம் மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து நீ சிரிக்கும் சத்தம் கேட்டது. எரிச்சலோடு திரும்பினேன். நீ அண்ணாந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எடா, ஒரு இலை ஆடறதா பாரு."

ஒன்றும் ஆடவில்லை. மலை மறைப்பில் காடு அப்படியே நின்றது.

"நம்ம ஊர்க் காத்து எஞ்சினை எதிர்க்கறதுன்னு நெனச்சோம். அது பாவம், வழியெல்லாம் ஊதி ஊதி ஆத்திண்டு வந்திருக்கு."

எதிர்க்காற்றில் லாரியைச் சோதிக்கும் புத்தி வேறெந்த ஊர்க்காரனுக்கு வரும்? மார்கழியில் காற்று இல்லாத ஊர் ஒன்று இருக்கும் என்பதே நம் மண்டையில் ஏறவில்லை. பிறந்ததிலிருந்து முகத்தில் அடிப்பது, அதை யார் கணக்கில் எடுப்பார்கள்? எஞ்சின் ஆறியதும் தண்ணீர் ஊற்றி, வண்டியைத் திருப்பி, இறக்காத ஓடுகளோடு வீடு வந்து சேர்ந்தோம்.

பிறகு மறுபடி வேலை. ரேடியேட்டரில் இன்னொரு வரிசைக் குழாய் சேர்த்துப் பற்றவைத்தோம். விசிறி இழுக்கும் காற்று பக்கவாட்டில் ஓடிவிடாமல் இருக்க அதைச் சுற்றி மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஒரு கூண்டு செய்தாய். இந்தத் தடவை சோதனை மேற்கே, காற்றுக்கு முதுகு காட்டி, கீழ்க் கியரில் ஊர்ந்து. சித்தூர் வரும்வரை முள் அடங்கியே இருந்தது. பம்பையும் குறைத்துவிடலாம் என்றாய். நான் மறுத்தேன். நாள் இல்லை, சண்டை போடவும் நேரம் இல்லை, விட்டுவிட்டாய்.

தைக்கு முந்தின வாரம் ஒரு விடியற்காலையில், ஓடு ஏற்றிய வண்டிக்கு முன்னால் உன் அப்பாவே வந்து நின்றார், கையில் தண்ணீர்க் கூஜாவும் தூக்குச் சட்டியும். "ஏறித்துன்னு நீங்க வந்து சொல்லவேண்டாம். நான் பார்த்துக்கறேன்." நமக்கு நடுவில்தான் அவருக்கு இடம். உடுமலை வரைக்கும் அவர் பேசிய ஒரே பேச்சு, "இந்த சீட்டு எந்துக்கு இப்பிடி ஆடறது?"

சின்னாறு தாண்டியது. போன தடவை பொங்கிய இடம் தாண்டியது. நான் உன்னைப் பார்த்தேன், நீ முள்ளைப் பார்த்தாய். ஏற்றம் செங்குத்தாக ஆக ஆக முள் மெல்ல நகர்ந்தது. கடைசி வளைவுகள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நீ சொன்னாய்: "நிறுத்து."

உன் அப்பாவின் மூக்குக்கு முன்னாலேயே நமக்குச் சண்டை.

"இன்னுங் கொஞ்சந்தான். இப்ப நிறுத்துனா தோத்துப்போட்டோமுன்னுதான் அர்த்தம்."

"தோத்தாத் தோத்துண்டு போறது. நிறுத்துடா."

"சாமி, பம்பாய்!"

"கேட்டுது. நிறுத்து."

நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் வைத்தோம். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஓடியே தீரவேண்டிய வண்டியை, ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீயே நிறுத்தச் சொல்லிவிட்டாய். உன் அப்பா இறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தார். தூக்குச் சட்டியைத் திறந்தார். தயிர்சாதத்தை உருட்டி, "கையை நீட்டுங்கோ" என்றார். நம் கைகளின் கறுப்பைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு, விரல் படாமல், மேலே இருந்து போட்டார். உனக்கும் எனக்கும் ஒரே உயரத்திலிருந்துதான் போட்டார் என்பதை நான் கவனித்தேன். அவர் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, "கிளம்பலாமோ?" என்று கேட்டபோது எஞ்சின் ஆறியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் பொங்கவில்லை. வண்டி கிளம்பி, மிச்ச வளைவுகளை முனகாமல் ஏறி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போய் நின்றது.

மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் சூடான பாகை இலையில் ஊற்றிக் கொடுத்தார்கள். உன் அப்பா முதலில் கை கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டார். கழுவி, ருசித்து, இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பம்பாய்க்கு நானே எழுதிக்கறேன்."

நான் கூவிவிட்டேன். அவர் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"வண்டி ஏறினதைப் பார்த்துச் சொல்லலை. வண்டி எதுவும் ஏறும். அத்தனையும் போயிடும்னு தெரிஞ்சும் அந்த வளைவுல நிறுத்தினானே, அதைப் பார்த்துச் சொல்றேன். இனிமே இவனுக்கு நான் ஒண்ணும் சொல்லித்தரவேண்டாம்."

நீ தலையைக் குனிந்து பாகை நக்கிக்கொண்டிருந்தாய். உன் காது சிவந்திருந்தது. நீ இங்கேயே இருந்தாய்.

ஊருக்கு வந்ததும் பம்பைக் குறைத்தோம், நீ முதலில் சொன்ன அளவுக்கே. அதற்கப்புறம் அந்த ஏற்றத்தில் அது நிற்கவே இல்லை. அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டினாய். என் கல்யாணப் பந்தியில் சொன்னாய், என் மகள் கல்யாணப் பந்தியிலும் சொன்னாய்.

லாரி போய் வேறு லாரிகள் வந்தன, அவையும் போயின. நீ மட்டும் வாரம் தவறாமல் வந்து என்னோடு மல்லுக்கு நின்றாய். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் நான் மண்வெட்டியோடு பங்காளி வீட்டுக்குக் கிளம்பியபோது வாசலை மறித்து நின்று, "ஆறட்டும்" என்று அதே ஒரு சொல்லைச் சொன்னாய். கோபத்தில் உன்னைத் தள்ளிவிடப் போனேன். நகரவில்லை நீ. மறுநாள் அந்தப் பங்காளியே வந்து எங்கள் வீட்டில் காப்பி குடித்தான். ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாட்களில், சரியாகப் பதில் சொல்லவில்லை என்று நான் யார் யாரிடமோ எகிறிக்கொண்டிருந்தேன். உனக்குப் பேச்சு நின்றிருந்தது. படுக்கையிலிருந்து கையைச் சற்றே தூக்கி, உள்ளங்கையைக் கீழே காட்டி, மெல்ல இறக்கினாய். எனக்கு அது கேட்டது.

இப்போது வீட்டில் எல்லாரும் நல்லவர்கள். நான் என்ன சொன்னாலும் மகன் "சரிங்கப்பா" என்கிறான், மருமகள் "ஆகட்டுங்க மாமா" என்கிறாள். சரி சரி என்று கேட்கக் கேட்க எனக்குச் சூடு ஏறுகிறது. ஒரு இலை ஆடுவதில்லை, சாமி. என் கத்தலை எல்லாரும் பொறுத்துக்கொள்கிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்மேல்கூடக் கோபமாக இருக்கிறது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இதுவரை எழுதிவிட்டு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டேன். கதவை முழுக்கத் திறந்து, பிஸ்டனைத் தடுப்பாக வைத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. கண்ணில் நீர் வருகிறது, அது காற்றால்தான் என்று வீட்டுக்காரி நினைத்துக்கொள்ளட்டும். கொஞ்சம் ஆறிய பிறகு மகனைக் கூப்பிட்டு, கதவுக்குக் கொக்கி வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றேன். "சரிங்கப்பா" என்றான். இந்த வீட்டில் எனக்கு எதிராக வருவது இனி இந்தக் காற்று ஒன்றுதான்.